திருக்கல் வண்டிக்குள் இருந்த கை

கீரிமலைக் கடலைப் பற்றி யாராவது வர்ணிக்கத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கீரிமலை, காங்கேசன்துறை, மணற்காட்டு மணல்மேடு, தொண்டைமானாற்று முகத்துவாரம் என்று சனம் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற இடமெல்லாம் நானும் போனேன். ஒரு தரமல்ல, கிழமைக்குக் கிழமை போனேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரு சீலைத் திரையில் இருந்த விரல் அகல ஓட்டையால்தான் பார்த்தேன். அந்த ஓட்டையும் நான் பார்ப்பதற்காக வெட்டியதல்ல. ஏரியல் கம்பி உள்ளே வரவேண்டுமே என்று அண்ணை வெட்டியது. கம்பி போக மிஞ்சின இடைவெளியில் எவ்வளவு கடல் தெரியுமோ அவ்வளவுதான் என் கடல்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின கதை இது. அப்போது எங்கள் பக்கத்தில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகளே அருமை. அண்ணை வைத்திருந்தது கேட்கிற பெட்டி மட்டுமல்ல, அனுப்புகிற பெட்டியும்தான். அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வேறு நாடுகளில் இதே பைத்தியம் பிடித்தவர்களோடு மோர்ஸ் தந்தியில் கதைக்கிற பொழுதுபோக்கு அது. அதில் காசு உழைப்பு ஒன்றும் இல்லை. பர்மாவில் ஒருவன், ஆஸ்திரேலியாவில் ஒருவன், தென்னாபிரிக்காவில் ஒருவன் என்று பிடித்து, உன் சத்தம் எனக்கு எப்படிக் கேட்கிறது, என் சத்தம் உனக்கு எப்படிக் கேட்கிறது, அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டுப் போவதுதான் மொத்தக் கதையும். கேட்க விசர்த்தனமாக இருக்கும். ஒருமுறை ருசி பிடித்தவர்களுக்கு விட ஏலாது.

எங்கள் அப்பா ரெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டர். குவாட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். தந்திச் சத்தத்தில்தான் தூங்கினோம், எழும்பினோம். எழுத்து வாசிக்க முந்தியே மோர்ஸ் காதில் ஏறிவிட்டது. அப்பா செத்த பிறகு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அண்ணைதான் வீட்டுக்குப் பெரியவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, வானொலிச் செட்டைக் கட்டினது அவர். வால்வு, கம்பிச்சுருள், ஈயம் ஒட்டுகிற வேலை எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். ஆனால் கை சரியில்லை. தந்தி அடிக்கிறவர்கள் 'கை' என்று சொல்வது ஒருவர் அடிக்கிற விதத்தை. நடையை வைத்து ஆளைப் பிடிப்பதுபோல, கையை வைத்துக் கடலுக்கு அப்பால் இருக்கிறவன் ஆளைப் பிடித்துவிடுவான். அண்ணையின் கை கல்லு றோட்டில் போகிற வெறும் வண்டி. ஒரு புள்ளியை இழுத்துவிடுவார், அடுத்த கோட்டை விழுங்கிவிடுவார். லைசென்ஸுக்கான சோதனையில் எப்படியோ தத்தித் தடுமாறிப் பாஸாகி வந்தவர், முதன்முதலில் ஆஸ்திரேலியாக்காரன் ஒருவனைக் கூப்பிட்டபோது அவன், திருப்பி அடி, திருப்பி அடி என்று கேட்டுக் களைத்துப் போய்விட்டான். நான் பக்கத்தில் இருந்து பொறுக்க மாட்டாமல் கட்டையைப் பிடுங்கி அடித்தேன். கட்டை என்று நாங்கள் சொன்னது தந்தி அடிக்கிற பித்தளைச் சாமானை. அவன் உடனே விளங்கிக்கொண்டு நல்ல கை என்று சொன்னான். அன்றிலிருந்து அடிக்கிறவள் நான், பெயர் அண்ணைக்கு.

வெளியிடங்களுக்குப் போனது அண்ணையின் ஆசை. வீட்டில் சுற்றிவரப் பனை. கடலோரத்தில் உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் சத்தம் தூரம் போகும் என்பார். அது உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. வீட்டுக்குள் இருந்து அடித்தால் யார் பார்ப்பது? கீரிமலையில் அடித்தால் குளிக்க வந்த ஊரே கூடிநின்று பார்க்கும். பஸ் கராஜில் சார்ஜ் ஏற்றின பற்றறிகளையும் செட்டையும் வண்டியில் ஏற்றுவோம். ஏரியலைத் தூக்க மரம் வேண்டியதில்லை, பட்டம் இருந்தது. வடமராட்சியில் கட்டுகிற பெரிய கொக்குப் பட்டம். அதன் நூலோடு செப்புக் கம்பியையும் சேர்த்துச் சோளகக் காற்றில் ஏற்றிவிட்டால் பனையைவிட உயரத்தில் நிற்கும். விண் என்கிற கூவும் நாரைக் கட்டினால் அதிர்ந்து கம்பி அறுந்துபோகும் என்று விண் கட்டாமல் விடுவோம். விண் கூவாத பட்டம் என்ன பட்டம் என்று பார்க்க வந்த சனம் குறைப்படும்.

அம்மா என்னை விடச் சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையில். கலியாணம் ஆகாத பெட்டை கடற்கரையில் நாலு பேர் பார்க்க இருந்து இரும்பைத் தட்டக்கூடாது. மாடு பூட்டுகிற திருக்கல் வண்டியின் கூடாரத்துக்குள், முன்னும் பின்னும் திரை போட்டுத்தான் இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்துப் பெண்கள் கோயிலுக்குப் போவதும் அப்படித்தானே, அதில் புதினம் ஒன்றும் இல்லை. அண்ணைக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல ஆகிவிட்டது. செட்டையும் என்னையும் திரைக்குள் வைத்துவிட்டு, வண்டிக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு, கோட்டும் தலைப்பாகையுமாகத் தான் இருந்துகொண்டார். காதில் ஒரு ஹெட்போன், முன்னால் ஒரு கட்டை. இரண்டும் செத்தவை. இரண்டுக்கும் கம்பி வண்டிக்குள் வரும், வந்து ஒன்றிலும் பூட்டாமல் என் காலடியில் கிடக்கும். சனம் பார்த்தது அவர் அந்தச் செத்த கட்டையை டக்கு டக்கென்று தட்டுவதை. உள்ளே நான் அடித்த கட்டைக்குக் கீழே சீலையை மடித்து வைத்திருந்தோம், சத்தம் வெளியே வராமல்.

எனக்குக் கேட்டதை அண்ணைக்குச் சொல்லவேண்டுமே. அதற்கு என் கைக்காப்பு. வண்டிப் பலகையில் மெல்லத் தட்டுவேன், ஆங்கில எழுத்தில் தமிழை. அவர் அதை மோர்ஸாக வாசித்து, ஹெட்போனில் தனக்கே கேட்டதுபோல, "ரங்கூனிலை மழையாம்" என்று சனத்துக்குச் சொல்வார். சனம் வாயைப் பிளக்கும். நான் இந்தப் பக்கம் புழுக்கத்தில் வேர்த்து வழிந்துகொண்டிருப்பேன்.

முதல் வருடம் எனக்கு இதில் கோபம் இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஏனென்றால் அண்ணை அந்தச் செத்த கட்டையிலும் என்னோடு கதைப்பார். எங்கும் போகாத கட்டைதானே. சனத்துக்கு ஏதோ பெரிய தந்தி போகிறதுபோல இருக்கும். அவர் தட்டுவது சனத்தைப் பற்றின பகிடி. முன்னால் நிற்கிற மணியகாரருக்கு வயிறு முதலில் வந்து சேர்ந்தது, ஆள் பிறகுதான் வந்தார் என்று தட்டுவார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் கோட்டை மாடு சப்பியிருக்கிறது என்று தட்டுவார். நான் வாயில் சீலையை வைத்து அடக்கிக்கொண்டு சிரிப்பேன். மோர்ஸ் தெரிந்தவர்கள் ஊரில் எங்கள் இருவரைத் தவிர யார்? ரெயில்வேக்காரரும் தபால்கந்தோர்க்காரரும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வந்து நிற்கப்போவதில்லை. அந்தப் பகிடி அண்ணைக்கு மூக்குப்பொடி மாதிரிப் பழகிப்போய்விட்டது, தட்டாமல் இருக்க ஏலாது.

லைசென்ஸ் கிடைத்தபோது எனக்கு ஒரு வாக்குத் தந்திருந்தார். தங்கச்சி, என்ரை வேலை முடியட்டும், உனக்கும் ஒண்டு எழுதிப் போடுறன் என்று. நானும் நம்பினேன். கேட்டுக் கேட்டு இரண்டு தைப்பொங்கல் போனது. பிறகு கேட்டால், பொம்பிளைக்கு என்னத்துக்கு லைசென்ஸ் என்று தொடங்கினார். வெளிநாட்டுக்காரர் தபாலில் அனுப்புகிற போஸ்ட்காட்டுகள் வரும். வானொலிக்காரர் வழக்கப்படி எல்லாவற்றிலும் 'அன்பான கிழவா' என்றுதான் தொடங்கும். அத்தனையும் அண்ணையின் அறைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டன. பத்தொன்பது வயதுப் பெட்டையை உலகம் முழுக்கக் கிழவா என்று கூப்பிட்டது என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மலாயாவில் ஈப்போவில் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவர் தபால் தந்திக் கந்தோரில் இருந்தார். அவரும் லைசென்ஸ்காரர். ஒரு வருடமாகக் கிழமைக்கு ஒரு தரம் அவரோடு கதைத்தேன். அவருக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழே அடிப்பேன், அந்த ஒரு மணித்தியாலம் எனக்குப் பெருநாள். நான் அண்ணை என்று நினைத்துத்தான் அவர் கதைத்தார். அந்த மனிதர் நெல்லியடியில் இருந்த தன் தகப்பனாருக்கு எழுதியிருக்கிறார்: இப்படி ஒரு பெடியன் இருக்கிறான், ஒரு அவதியும் இல்லாத நல்ல பொறுமையான கை, இந்தக் கைக்காரன் எங்கடை தங்கச்சியை நல்லாய் வைச்சிருப்பான் என்று. அதை நம்பித்தான் அண்ணைக்குச் சம்பந்தம் வந்தது. என் கையைப் பார்த்து என் அண்ணைக்குப் பெண். இதைவிட அநியாயம் வேறு உண்டா?

பெண்ணின் தாயார் எங்கள் வீடு பார்க்க வந்தார். அன்றுதான் அண்ணை என் தலையில் கல்லைப் போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா கேட்டார், நீங்கள் கடற்கரைக்குப் போகேக்கை வண்டிக்குள்ளை ஒரு பெட்டை இருக்குதாமே, ஆர் அது என்று. அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையும் நிமிர்த்தாமல் சொன்னார்:

"அது தங்கச்சி. பற்றறி காயாமல் பாக்கிறதுக்கு வைச்சிருக்கிறன்."

நான் கதவு நிலையில் நின்றேன். கையில் இருந்த ரசச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். அம்மா கண்ணைக் காட்டினார், கவிழ்க்கவில்லை. பின்னேரம் அண்ணையைப் பிடித்துக் கேட்டேன். கலியாணம் முடிந்து நீங்கள் பெண் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், செட்டை எனக்கு விட்டுவிட்டுப் போங்கள், லைசென்ஸுக்கும் எழுதிப்போடுங்கள், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்றேன். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதானே பெண்ணின் சீதன வீட்டுக்குப் போய் இருக்கிறவர். அவர் சிரித்தார். செட் நெல்லியடிக்கு வருமாம், அங்கே தானே அடிப்பாராம், பழகினால் கை தானே வருமாம். உனக்கும் கெதியிலை ஒரு இடம் பாப்பம், அடுப்பிலை கை பழகட்டும் என்றார்.

சரி, பார்ப்போம் என்று நினைத்தேன்.

ஏனென்றால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குக் குசினி அடுப்படியில் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் தாயார் தன் புருஷனைப் பற்றிச் சொன்னார். மலாயா ரெயில்வேயில் சிக்னலராகச் சேர்ந்து, காலமெல்லாம் தந்திக் கட்டையோடு கிடந்து, ஸ்ரேசன் மாஸ்டராகிப் பென்சன் எடுத்தவராம். இப்போதும் நித்திரையில் விரல் தட்டுமாம். அண்ணைக்குத் தெரிந்தது 'மலாயன் பென்சன்காரர்' என்பது மட்டும்தான். வீடு கல்வீடா, கிணறு நல்ல தண்ணியா, தோட்டம் எவ்வளவு என்று விசாரித்தாரே ஒழிய, அந்த மனிதர் என்ன வேலை பார்த்தவர் என்று அவர் ஒருநாளும் விசாரிக்கவில்லை. பழைய ரெயில்வேக்காரருக்கு ஹெட்போன் வேண்டியதில்லை. பித்தளை டக்கென்று தட்டுப்படுகிற சத்தமே போதும், கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் வாசித்தார். அண்ணைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாதது எனக்குச் சர்க்கரையாய் இனித்தது.

பெண்ணின் தகப்பனார், மாப்பிள்ளை தன் மகனோடு கதைக்கிறதைக் கண்ணால் காணவேண்டும் என்று ஆசைப்பட்டார். தொண்டைமானாற்றில், ஆறு கடலோடு சேருகிற இடத்து மணலில் வைப்பதென்று நாள் குறித்தார்கள். மகனுக்கும் நான்தான் அடித்துச் சொன்னேன்.

அன்றைக்கு அண்ணையின் எடுப்பைப் பார்க்கவேண்டும். புதுக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கமகமவென்று அத்தர். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நிழலுக்குப் போனான். பட்டம் ஏறியது. நான் திரைக்குள் ஏறி இருந்தேன். வாடகைக் காரில் தகப்பனாரும் தாயாரும் வந்து இறங்கினார்கள். தோணிகளை ஏற்றி வைத்திருந்த கடற்றொழிலாளர் சிலரும் கூடினார்கள். ஓட்டையால் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மொட்டைத் தலை, கைத்தடி. அண்ணையின் ஸ்டூலுக்கு மிக அருகில், கட்டைக்கு நேரே வந்து நின்றார்.

ஈப்போ நல்லாய்க் கேட்டது. நான் கூப்பிட்டேன், அவர் பதில் சொன்னார், தாய் தகப்பன் சுகமா என்று கேட்டார். நான் காப்பால் பலகையில் தட்டினேன், அண்ணை வெளியே அறிவித்தார். தாயார் கண்ணைத் துடைத்தார். அண்ணை செத்த கட்டையில் சும்மா வாயில் வந்ததைத் தட்டிக்கொண்டிருந்தார், பழைய நினைப்பில். தகப்பனாரின் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டையைப் பார்த்தார், பிறகு வண்டித் திரையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிடித்துவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்த நேரத்தில் ஈப்போவில் மழை இரைச்சல். ஏரியலைச் சரிசெய்துகொண்டு வாறன், கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு மகன் போனார். சும்மா இருக்கிற நேரம். அண்ணைக்குச் சும்மா இருக்க ஏலாது என்பது எனக்குத் தெரியும். நான் காப்பை எடுத்துப் பலகையில் தட்டினேன், அன்பான தங்கச்சியாக:

"அண்ணை, பொம்பிளையைப் பாத்தியளோ? எப்பிடி?"

அவர் கட்டையில் கையை வைத்தார். தகப்பனாரைப் பார்த்து மரியாதையாய் ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தட்டினார்:

"பல்லு வெளியிலை. தேங்காய் துருவலாம்."

நான் திரும்பவும் தட்டினேன். அப்ப ஏன் சம்மதிச்சனீங்கள் என்று.

"வீடு கல்வீடு. பொம்பிளையை இருட்டுக்கை வைச்சிருக்கலாம். மொட்டைக் கிழவன் கெதியிலை போனால் மிச்சமும் வரும்."

கோதாரி பிடித்த மனிதர், அந்த மொட்டைக் கிழவன் ஒரு முழம் தள்ளி நிற்கிறார். உலகத்தில் வேறு எந்த மாப்பிள்ளையும் இப்படி மாமனார் காதுக்குள் நேரே சொல்லியிருக்க மாட்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அதை மறைத்து எழுத நான் ஆசைப்படவில்லை. இரண்டு வருட வேர்வைக்கும் சேர்த்து அந்த ஒரு நிமிடம்.

தகப்பனார் கண்ணைத் திறந்தார். சத்தம் போடவில்லை. கைத்தடியை மணலில் ஊன்றிவிட்டு, செத்த கட்டைக்கு மேலே விரலை வைத்தார்.

"தம்பி, கையை எடும்" என்றார். "நான் தந்தி அடிச்சே தலை மொட்டையானவன். நீர் சொன்னது முழுக்க விளங்கினது."

அண்ணையின் முகம் கறுத்துப் போனது. தாயாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னப்பா, என்னப்பா என்று புருஷனைக் கேட்டார். அவர் வண்டிக்குக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, திரையை விலத்தும். உள்ளை இருந்து அடிக்கிறது நீர்தானே?"

நான் திரையைத் தூக்கிக் கூடாரத்துக்கு மேலே எறிந்தேன். "ஓம்" என்றேன்.

"எப்ப தொட்டு?"

"முதல் நாள் தொட்டு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்ட கேள்விகளையும் அவர் வாசித்திருப்பார், நான் ஏன் கேட்டேன் என்பதும் அவருக்கு விளங்கியிருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. மகன் திரும்பி வந்துவிட்டானா என்று மட்டும் கேட்டார். ஹெட்போனில் ஈப்போ எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஓம் என்றேன். அப்படியானால் சொல்லும், இந்தச் சம்பந்தம் சரிவராது, அப்பா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார் எண்டு அடியும் என்றார்.

அண்ணை ஓடி வந்தார். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதருக்குக் கேட்காமல் என் காதுக்குள் சொன்னார்:

"தங்கச்சி, அடியாதை. அது பகிடி எண்டு சொல்லுவம். செட்டை நீயே வைச்சிரு. லைசென்ஸுக்கு நாளைக்கே எழுதிப் போடுறன். என்ரை கண்ணாணை."

இரண்டு வருடமாக நான் கெஞ்சின எல்லாம் அந்த வாயில் இருந்தே வந்தது. ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். கை ஒரு நொடி நின்றது. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு, நானும் சேர்ந்து விளையாடினேன் ஐயா என்று அழுதால், ஒருவேளை அவர் இரங்கியிருப்பார். செட் எனக்குக் கிடைத்திருக்கும், அந்தப் பெட்டை என் அண்ணையின் வீட்டு இருட்டுக்குள் கிடந்திருப்பாள். எனக்கு அவள் யாரோ, எவரோ. ஆனாலும் என்னுடைய கையை நம்பித்தானே அவளைக் கொடுக்க வந்தார்கள்.

கட்டைக்குக் கீழே மடித்திருந்த சீலையை உருவி எறிந்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும். வீட்டுச் செய்தி அடிக்கக்கூடாது என்பது லைசென்ஸ் விதி, அன்றைக்கு நான் விதி பார்க்கவில்லை. அந்த மனிதர் சொன்னதை ஒரு எழுத்தும் விடாமல், அவசரப்படாமல் அடித்தேன். பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டே வந்தவர், சரி என்று தலையை ஆட்டினார். பிறகு என் பாட்டில் சேர்த்தேன்: இவ்வளவு நாளும் உங்களோடு கதைத்தது அண்ணை அல்ல, தங்கச்சி.

ஈப்போவிலிருந்து பதில் வந்தபோது நான் அதை வாய்விட்டுச் சொன்னேன், கடற்கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க:

"அப்பா சொன்னால் சரி. என்ரை தங்கச்சி தப்பினாள். அந்த நல்ல கை உங்கடை எண்டால், அடுத்த கிழமையும் இதே நேரம் வருவன்."

கார் போய்விட்டது. அண்ணை தனியே நின்று பட்டத்தை இறக்கிக் கம்பியைச் சுருட்டினார். அம்மா நாட்கணக்காக அழுதார். ஏன் குழம்பினது, ஆர் குழப்பினது என்று இருவரையும் மாறி மாறிக் கேட்டார். இருவரும் சொல்லவில்லை. பிறகு சந்நிதி கோயில் திருவிழா ஒன்றில் அந்தப் பெண்ணைக் கண்டேன். பல் ஒன்றும் அப்படி வெளியே இல்லை. வேறொரு நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் அந்த ஈப்போக்காரரைக் கட்டினேனா என்று கேட்கத் துடிக்கிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: அவருக்கு அப்போதே பெண்சாதியும் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாக் கதையும் கலியாணத்தில் போய் முடியவேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்த கிழமை வந்தது. செட்டைத் தூக்கிக் கிணற்றில் போடப்போகிறேன் என்று அண்ணை நின்றார். நான் அமைதியாகச் சொன்னேன், அன்றைக்கு நீங்கள் தட்டினது அந்த மனிதருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அவர் வெளியே சொல்கிற ஆளல்ல, நானும் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று. இன்னும் என்ற சொல்லை நன்றாக அழுத்தினேன். அது வெளியே வந்தால் யாழ்ப்பாணத்தில் எவர் அவருக்குப் பெண் கொடுப்பார்? அவருக்கு விளங்கியது. லைசென்ஸ் அவர் பெயரில், லைசென்ஸ்காரர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. எனக்கென்று ஒன்றுக்கு எழுதிப் போடுங்கள் என்று நான் பிறகு கேட்கவே இல்லை. ஆகவே வண்டி கட்டினோம்.

திரை இல்லாமல் நான் இருந்தேன். அம்மா தடுத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். கீரிமலையிலும் மணற்காட்டிலும் சனம் என் கையைப் பார்த்தது. அண்ணை வெயிலில் ஸ்டூலில் இருந்தார், ஹெட்போனும் இல்லை, கட்டையும் இல்லை. ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வியந்து கேட்டதற்கு, நான்தான் பழக்கினனான் என்று அண்ணை தொடங்கினார். நான் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

யுத்தம் வந்து அரசாங்கம் எல்லாருடைய செட்டையும் முத்திரை வைத்துக் கொண்டுபோகும் வரைக்கும் இப்படித்தான். அதற்கு முந்தி ஒரு பின்னேரம், மணலில் கால் சுட, தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"இன்னும் எவ்வளவு காலத்துக்கு என்னை இப்பிடி இருத்தி வைக்கப்போறாய்?"

"லைசென்ஸ் முடியிற மட்டும்" என்றேன்.

அது வருடத்துக்கு வருடம் முடிகிற லைசென்ஸ். முடிய முடிய அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் புதுப்பிக்க வைத்தவளும் நான்தான்.